ஏவ்ரில் சாம்வேஸும் குரோம்வெல் டாங்கியும்

கோடைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் தெற்கே பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருக்கும் மண் திடலில் பழைய டாங்கிகளை ஓட்டிக் காட்டுவார்கள். வேலியோரம் நிற்கும் கூட்டத்தில் பத்துக்கு எட்டுப் பேர் ஆண்களாகத்தான் இருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்கும் ஏவ்ரிலைப் பார்த்து, இந்த அம்மாளை யாரோ வலுக்கட்டாயமாக இழுத்து வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, வருகிற வண்டியின் பேரைச் சொல்லிக் கொடுப்பார். ஏவ்ரில் மரியாதையாகக் கேட்டுக்கொள்வாள். பேர் தப்பாக இருந்தால் மட்டும், "அது சர்ச்சில் இல்லைங்க, மட்டில்டா. சர்ச்சில் இன்னும் கொட்டகையை விட்டே கிளம்பல, சத்தம் கேக்கலையே," என்பாள். அதற்குப் பிறகு அந்த மனிதர் நகர்ந்து வேறு இடம் பார்த்துக்கொள்வார்.

வூல் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் சமையல்காரி. குட்டையான, அகலமான உடம்பு. எண்பது பேருக்கு உருளைக்கிழங்கு மசித்து மசித்து வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் பெருத்திருக்கும். புருஷன் கிளிஃப், பியர் ரீஜிஸ் என்ற ஊரில் நீர்க்கீரைப் பாத்திகளில் வேலை பார்த்தான். நாள் முழுக்க ஓடுகிற தண்ணீருக்குள் நின்று பழகிய ஆள். அவனுக்கு இரைச்சலே ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவளோடு டாங்கி பார்க்கப் போனான். திரும்பி வந்து காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டே, இனிமேல் நீ பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொன்னால் போதும் என்றான். அவளும் ஒவ்வொரு வருஷமும் சொன்னாள். அவனும் ஒவ்வொரு வருஷமும் கேட்டான்.

அவளுக்கு எப்படி இந்தப் பைத்தியம் பிடித்தது என்று கேட்டால் சுவர் கதையைத்தான் சொல்வாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு டாங்கி என்பது மாடு மாதிரி. ரோட்டில் குறுக்கே வரும், நின்று வழிவிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். ஒரு நாள் காலையில் செஞ்சுரியன் டாங்கி ஒன்று வளைவில் சறுக்கி, ஏவ்ரில் வீட்டு முன்சுவரைப் பாதி தின்றுவிட்டு நின்றது. அவளுடைய அம்மா கையில் மாவோடு வெளியே வந்து, வண்டியில் இருந்த நாலு பேரையும் அவர்களைப் பெத்த தாய்வரை இழுத்து வைதாள். சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். சுவரிலிருந்து பின்னுக்கு இழுத்துவிட வேறு வண்டி வரவேண்டும், அதற்கு இரண்டு மணி நேரமாகும். சும்மா இருப்பானேன் என்று டாங்கிக்குள்ளேயே தண்ணீர் கொதிக்கவைத்து டீ போட்டார்கள். முதல் குவளையை அம்மாவிடம் நீட்டினார்கள். அம்மா முறைத்துக்கொண்டே குடித்தாள். அந்த நேரம் ஒரு சிப்பாய் ஏவ்ரிலைத் தூக்கிப் பின்புறத்து எஞ்சின் மேல் உட்காரவைத்தான். இரும்பு, புது ரொட்டி மாதிரி கதகதப்பாக இருந்தது. இழுத்துவிட்டபின் கிளம்பும்போது அந்தப் பெரிய உருப்படி நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பியதைப் பார்த்தாள். ஐம்பது டன் கனம், ஒரு பெண்பிள்ளை பாவாடையைச் சுழற்றுகிற மாதிரி அவ்வளவு லேசாகத் திரும்பியது. அதுதான். சண்டையைப் பற்றி அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. குண்டின் அளவு, தகட்டின் கனம் எல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டாள். அவள் பார்க்கப் போனது அந்தத் திருப்பத்தைத்தான்.

ஒரே மகள் லோர்னா. நாலு வயதிலிருந்து அம்மாவோடு வேலியோரத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள். பெரியவளானதும் ராணுவத்தில் சேர்ந்து வண்டி பழுது பார்க்கும் பிரிவுக்குப் போனாள். ஏவ்ரிலுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடச் சமையலறை, தபால் ஆபீஸ், பஸ் நிறுத்தம், எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். நீங்களெல்லாம் பார்க்கத்தான் பார்க்கிறீர்கள், என் பெண் அதைக் கழற்றி மாட்டுகிறாள் என்பாள். வேலியோரத்தில் வழக்கமாக அவள் பக்கத்தில் நிற்பவர் ஹ்யூபர்ட் டிரிம் என்பவர். பூல் நகரத்து இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இருபது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் அவருக்கு அவள் மிஸஸ் சாம்வேஸ்தான், அவளுக்கு அவர் மிஸ்டர் டிரிம்தான். ஆனால் லோர்னா எந்த முகாமில் இருக்கிறாள், எந்தத் தேர்வு எழுதுகிறாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

லோர்னாவை ஈராக்குக்கு அனுப்பினார்கள். இரண்டு தடவை போய்வந்தாள். இரண்டாவது தடவை வந்தபின் ராணுவத்தை விட்டுவிட்டு, டார்செஸ்டரில் அறுவடை இயந்திரங்கள் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்துவிட்டாள். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அந்த ஜூன் மாதம், வழக்கம்போல டாங்கி நாளுக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருப்பதாக ஏவ்ரில் சொன்னாள். லோர்னா அம்மாவோடு சேர்ந்து அடுக்களையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"நான் வரலம்மா."

வேலை இருக்கிறதா என்று ஏவ்ரில் கேட்டாள். இல்லை என்றாள் லோர்னா. தலைவலியா? அதுவும் இல்லை. சீவுகிற கையை நிறுத்தாமலேயே பிறகு சொன்னாள். அவள் வேலை பார்த்தது மீட்பு வண்டியில். அடிபட்ட வண்டிகளைக் கட்டி இழுத்து முகாமுக்குக் கொண்டுவருவது. கொண்டுவந்தபின் அது திரும்ப ஓடுமா, உதிரிபாகத்துக்கு ஆகுமா என்று உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் யாராவது அதைக் கழுவ வேண்டும். அமாரா நகரத்திலிருந்து வரும் ரோட்டில் எரிந்துபோன ஒரு வண்டியை அவள்தான் கழுவினாள். இரண்டு நாள் ஆயிற்று. அந்த வண்டியில் இருந்தவர்களில் ஒருவனோடு முந்தின வாரம் சீட்டாடியிருந்தாள்.

"அங்க அருங்காட்சியகத்துல ஒவ்வொரு வண்டி முன்னாலயும் ஒரு பலகை இருக்குமில்ல? எத்தனை டன், எத்தனை குதிரைசக்தி, எந்த வருஷம். உள்ள என்ன ஆச்சுன்னு யாரும் எழுதறதில்ல. நான் அதைப் பாத்துட்டேன்மா. திரும்பப் போய்க் கைதட்ட என்னால முடியாது."

பிறகு கிழங்கை அலசி அடுப்பில் வைத்தார்கள்.

அந்த வருஷம் ஏவ்ரில் போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. டாங்கிப் புத்தகங்கள் இருபத்திரண்டையும் அட்டைப்பெட்டியில் போட்டு, தர்மத்துக்காகப் பழைய சாமான் விற்கும் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். டாங்கி நாளன்று திடலின் சத்தம் அவள் வீட்டுத் தோட்டம்வரை கேட்கும் என்பதால், காலையிலேயே பஸ் பிடித்து வெய்மத்தில் இருக்கும் தங்கை டோரீன் வீட்டுக்குப் போய், கடலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். கேட்டவர்களுக்கெல்லாம் முழங்கால் வலி, நிற்க முடியவில்லை என்று சொல்லிவைத்தாள். கிளிஃப் மட்டும் ஒரு தடவை, இந்த வருஷம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா என்று கேட்டான். இல்லை என்றாள். அவன் எழுந்து போனான்.

அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது இதுதான். நாலு வயதுக் குழந்தையை அந்த வேலியோரத்துக்குக் கூட்டிப்போனது யார்? தோளில் தூக்கிவைத்துக் காட்டியது யார்? நான் கூட்டிப்போகாமல் இருந்திருந்தால் அவள் அந்த ரோட்டுக்கே போயிருக்கமாட்டாள். எனக்குக் கண்காட்சி, அவளுக்குக் கழுவுகிற வேலை. இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால், உன் தப்பு இல்லை என்பார்கள். அது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

வருஷாவருஷம் டாங்கி நாள் முடிந்த வாரம் ஹ்யூபர்ட் டிரிமிடமிருந்து ஒரு தபால் அட்டை வரும். இன்சூரன்ஸ்காரர் கையெழுத்து, எறும்பு ஊர்கிற மாதிரி. அன்று ஓடிய வண்டிகளின் பட்டியல். பட்டியலுக்குக் கீழே, 'ஷெர்மன் பாதி வழியில் நின்றுவிட்டது. மழை இல்லை. உங்கள் இடத்தில் யாரும் நிற்கவில்லை' என்கிற மாதிரி இரண்டு மூன்று வரி. ஏவ்ரில் படித்துவிட்டு, பாத்திரம் துடைக்கிற துணிகள் வைக்கும் இழுப்பறையில் போட்டுவைப்பாள். பதில் எழுதியதில்லை.

இப்படியே ஒன்பது வருஷம் போயிற்று. அவளுக்கு அறுபத்தைந்தாகி, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாள். பத்தாவது அட்டை வழக்கத்துக்கு மாறாக மே மாதமே வந்தது. அருங்காட்சியகப் பட்டறையில் பதினோரு வருஷமாகப் பிரித்துப்போட்டிருந்த குரோம்வெல் டாங்கி இந்தக் கோடையில் ஓடப்போகிறது. எனக்கு இலையுதிர் காலத்தில் இடுப்பெலும்பு மாற்றுகிறார்கள், அடுத்த வருஷம் நிற்க முடியுமோ என்னவோ. நீங்கள் வந்தால் சந்தோஷப்படுவேன் என்று எழுதியிருந்தார். குரோம்வெல்லுக்குப் போர் விமானத்து எஞ்சினின் கூடப்பிறந்த தம்பி மாதிரி ஓர் எஞ்சின். குரோம்வெல் பாய்ந்து ஓடுகிற சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று அவள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஆசைப்பட்டது லோர்னாவுக்குக்கூடத் தெரியும்.

அந்த வாரம் லோர்னா குழாய் சரிபண்ண வந்தாள். தண்ணீர் தரையில் வழிந்துவிட்டது. துணி எடுக்க இழுப்பறையைத் திறந்தவள், துணியை விட்டுவிட்டு அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஏவ்ரில் தோட்டத்திலிருந்து உள்ளே வந்தபோது அவள் ஈரத்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவர் ஒன்பது வருஷமா எழுதறாரு. நீ ஒரு தடவைகூடப் பதில் போடலையா?"

"இல்ல."

"போகவும் இல்ல. எங்கிட்ட முழங்கால் வலின்னு சொன்ன."

"முழங்காலும் வலிச்சுதுடி."

"அம்மா, நான் வரலைன்னுதான் சொன்னேன். உன்னைப் போகாதேன்னு எப்ப சொன்னேன்?"

ஏவ்ரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்பது வருஷமாக உள்ளே வைத்திருந்ததை, வாங்க வேண்டிய சாமான்களை ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நான்தானே கூட்டிப்போனேன், நான்தானே தூக்கிக் காட்டினேன், என்னால்தானே.

லோர்னா சிரித்தாள். சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை.

"இதையா வெச்சுட்டு உக்காந்திருந்த? கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே. பட்டாளத்துல சேர்றதுக்கு முன்னால டார்செஸ்டர்ல மூணு கராஜ் ஏறி இறங்கினேன். ஒருத்தன் போன் எடுக்க வரியான்னு கேட்டான். ஒருத்தன் உன் கை வீணாப் போயிடும்மான்னான். இன்னொருத்தன் பதிலே சொல்லல, உள்ள இருந்தவங்களைக் கூப்பிட்டுச் சேர்ந்து சிரிச்சான். பட்டாளத்துலதான் கையில ஸ்பானரைக் குடுத்து வேலையப் பாருன்னான். அதுக்காகப் போனேன். டாங்கிக்குப் பதிலா டிராக்டரைக் குடுத்திருந்தாலும் போயிருப்பேன்."

ஏவ்ரிலுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியிருக்க வேண்டும். இறங்கத்தான் செய்தது. ஆனால் அந்த இடத்தில் வெறுமையாகவும் இருந்தது. மகளுடைய வாழ்க்கையின் பெரிய காரியத்தில் தனக்குப் பங்கு உண்டு என்று, கெட்ட பங்காகவே இருக்கட்டும், இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"அப்போ உனக்கு அதெல்லாம் பிடிக்கவே இல்லையா? சின்ன வயசுல?"

லோர்னா யோசித்தாள். "பிடிச்சுது. நீ அவ்வளவு சந்தோஷமா இருந்து வேற எங்கயும் நான் பாத்ததில்ல." அட்டைகளைத் தட்டி அடுக்கி அம்மா மடியில் வைத்தாள். "போ. நான் கேட் வரைக்கும் கொண்டுவந்து விடறேன். ஆனா ஒண்ணு. பாக்கும்போது உள்ள இருக்கறவங்களையும் சேர்த்துப் பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை லோர்னா சொன்னபடி கேட்டில் இறக்கிவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். ஏவ்ரில் மடக்கு முக்காலியையும் முட்டையும் நீர்க்கீரையும் வைத்த சாண்ட்விச் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு வேலியோரம் நடந்தாள். ஹ்யூபர்ட் டிரிம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். முன்னைக்குப் பாதியாக இளைத்திருந்தார்.

"மிஸஸ் சாம்வேஸ்."

"மிஸ்டர் டிரிம்."

"உங்க இடம் காலியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு ஓரமாக நகர்ந்துகொண்டார். ஒன்பது வருஷத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சாண்ட்விச்சை அவரிடம் நீட்டினாள்.

குரோம்வெல் மூன்று மணிக்கு வந்தது. கண்ணில் படுமுன்பே சத்தம் வந்தது. பெரிய இரைச்சல்தான், ஆனால் கரகரப்பே இல்லாத இரைச்சல். அடிவயிற்றில் தொடங்கி முக்காலியின் கால் வழியாகத் தரைக்குப் போயிற்று. மேட்டின் மேல் ஏறி ஒரு கணம் தயங்கி, சரிவில் இறங்கி, புழுதியை வாரியடித்துக்கொண்டு அவர்கள் முன்னால் வளைந்தது. ஏவ்ரிலின் கண் நிறைந்துவிட்டது. அதற்கு அவள் வெட்கப்படவில்லை. ஆனால் அதே நேரத்தில் மகள் சொன்னதையும் செய்துகொண்டிருந்தாள். மேலே தெரிகிற தலைகளை எண்ணினாள். பீரங்கி பொருத்திய சுழல் கோபுரத்தில் இரண்டு. முன்னால் ஓட்டுகிறவரின் தலை ஒன்று. உள்ளே ஐந்து பேர் இருக்க வேண்டிய வண்டி என்று அவளுக்குத் தெரியும். கோபுரம் சுழன்றது, பீரங்கி ஓட்டுநரின் தலைக்கு மேலே வந்து நின்றது. கூட்டம் கைதட்டியது.

"மிஸ்டர் டிரிம், இப்போ தீப்பிடிச்சா அந்த டிரைவர் எப்படி வெளில வருவார்?"

ஹ்யூபர்ட் டிரிம்முக்கு அந்த வண்டியின் சங்கிலிப் பட்டையில் எத்தனை கண்ணி என்பதுகூடத் தெரியும். மேலே இருக்கிற மூடி வழியாக என்றார். பீரங்கி மேலே நின்றால் மூடி திறக்குமா என்று கேட்டாள். அவர் இடது பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். அவர் தனக்குப் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அந்த வேலியோரத்தில் குதிரைசக்தி சொல்லவும், எந்தப் படைப்பிரிவு எந்த ஆற்றைக் கடந்தது என்று சொல்லவும் பத்துப் பேர் இருந்தார்கள். இதற்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. எல்லாரும் கொஞ்சம் சங்கடப்பட்டுப்போனார்கள்.

வண்டிகளெல்லாம் கொட்டகைக்குத் திரும்பியபின் ஏவ்ரில் கயிற்றுத் தடுப்பருகே போய், எண்ணெய்க்கறை படிந்த உடுப்பில் நின்ற ஒரு மெக்கானிக்கிடம் அதே கேள்வியைக் கேட்டாள். நோயல் என்று பெயர். பதினோரு வருஷமும் அந்த வண்டியைப் பிரித்துக் கோத்தவர்களில் ஒருவர். முதலில் செய்த வண்டிகளில் அது பெரிய பிரச்சினைதான் என்றார். கோபுரம் நிற்கிற இடத்தைப் பொறுத்தது, பிற்பாடு சிலதில் பக்கவாட்டில் கதவு வைத்தார்கள். சொல்லிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்து, செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காது, வாருங்கள், உட்கார்ந்தே பார்த்துவிடலாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை போனாள். முழங்கால் நிஜமாகவே வலிக்கத்தான் செய்தது. நோயலும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றி, ஓட்டுநர் இருக்கையில் இறக்கினார்கள். அறுபது வருஷமாக வெளியிலிருந்து பார்த்த உருப்படிக்குள் அன்றுதான் முதல் தடவையாக உட்கார்ந்தாள். தோள் இரண்டு பக்கமும் இரும்பில் இடித்தது. எதிரே ஒரு சின்னச் சதுரத்தில் கொஞ்சம் வெளிச்சம். இப்போது வெளியே வாருங்கள், நான் மணி பார்க்கிறேன் என்றார் நோயல். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு காலை மடக்கினாள், அது ஏதோ நெம்புகோலில் மாட்டிக்கொண்டது. கையை ஊன்ற இடம் தேடினாள். சிரிப்பு நின்றது. தலையும் தோளும் வெளியே வந்து நோயலின் கையைப் பிடிக்க நாலு நிமிஷம் ஆயிற்று. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டு, தீப்பிடித்த வண்டியில் இளவயதுப் பையன்களுக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று கேட்டாள். நோயல் எட்டி, ஓட்டுநர் இருக்கைக்கு மேலிருந்த மூடியைச் சாத்தினார்.

அதற்குப் பிறகுதான் அவள் அங்கே சம்பளமில்லாத வழிகாட்டியாகச் சேர எழுதிக்கொடுத்தாள். பார்வையாளர்களுக்கு என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி, அடுக்களையில் கிளிஃப் முன்னால் நின்று படித்துப் பழகினாள். ஒரு தடவை லோர்னாவும் இருந்தாள். 'இவ்விடத்திலிருந்து வீரர்கள் வெளியேறும் வாய்ப்புக் குறைவு' என்று ஏவ்ரில் படித்ததும் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள்.

"'வீரர்கள்'னு போடாதம்மா. அப்படிச் சொன்னா எல்லாம் ஏதோ சிலை மாதிரி ஆயிடும். 'ஆளுங்க'ன்னு சொல்லு. 'வாய்ப்புக் குறைவு'ன்னும் வேண்டாம். வெளில வர முடியலன்னா வர முடியலன்னு சொல்லு."

தானே பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினாள். மொத்தத் தாளையும் திருத்தி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கிளிஃப் இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தான்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் அவள் பஸ் பிடித்துப் போகிறாள். குரோம்வெல்லின் பக்கத்தில் நின்றுகொண்டு, யார் எங்கே உட்காருவார், எந்த மூடி யாருடையது, எது எப்போது திறக்காது என்று காட்டுகிறாள். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு தடவை மனைவியோடு வந்த ஒருவர், நாங்கள் சந்தோஷமாகப் பொழுதுபோக்க வந்திருக்கிறோம், இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். நானும் சந்தோஷமாகப் பார்க்க வந்தவள்தான், ஞாயிற்றுக்கிழமை இது ஓடும்போது வேலியோரத்தில் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள் என்றாள் ஏவ்ரில். அவர் வந்தாரோ இல்லையோ தெரியாது. ஹ்யூபர்ட் டிரிம் இடுப்பு சரியாகி, முக்காலியும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். லோர்னா வரவில்லை. டாங்கி நாளன்று அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவாள். அதைப் பற்றி வீட்டில் யாருக்கும் வருத்தம் இல்லை.

ஏவ்ரில் சொல்லி முடித்ததும் கூட்டத்தில் சிலர் எட்டி அந்த மூடியைப் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருவர், இது எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பார். நல்ல தரையாக இருந்தால் மணிக்கு நாற்பது மைல் என்று சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்துதான் இருக்கும்.